தூசி எண்டு தள்ளினதுகள்: சின்னஞ்சிறு துணிக்கைகளை எண்ணப் பழகிய கதை

டெங்கு பரவுற மாதங்களில் எங்கட வீடுகளில் ஒரு இலக்கத்தைப் பற்றித்தான் கதை. "பிளேட்லட் எவ்வளவாம்?" வைத்தியசாலைக்குப் பார்க்கப் போனவையும் கேட்பினம், தூரத்தில் இருந்து கோல் எடுக்கிற சொந்தக்காரரும் கேட்பினம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல எண்டால் மூச்சு விடுவினம். ஐம்பதாயிரம் எண்டால் முகம் மாறிப்போகும். காலையில் எடுத்த இரத்தத்துக்கு ஒரு ரிப்போட், பின்னேரம் எடுத்ததுக்கு இன்னொரு ரிப்போட். அந்தத் துண்டில் இருக்கிற இலக்கத்தை ஆர் எண்ணினது, எப்படி எண்ணினது எண்டு மட்டும் ஒருத்தரும் கேட்கிறதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அது. ஒரு மைக்ரோலீற்றர் இரத்தம் எண்டால் குண்டூசித் தலையளவு துளி. அதற்குள் ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் இருக்கும். சுகமாக இருக்கிற ஆளென்றால் 150,000 முதல் 450,000 வரை குருதிச் சிறுதட்டுக்களும் இருக்கும். சிறுதட்டு ஒன்றின் குறுக்களவு 2 அல்லது 3 மைக்ரோமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றருக்குள் முந்நூறு, நானூறு சிறுதட்டுக்களை வரிசையாக அடுக்கலாம். இவ்வளவு சின்னதை இவ்வளவு கெதியாக எண்ணுறது மனிசக் கண்ணால ஏலாத காரியம். அதைச் செய்யுற இயந்திரங்களின் குடும்பத்துக்குத்தான் ஃப்ளோ சைற்றோமெற்றி எண்டு பேர். ஓடுகிற திரவத்துக்குள் கலங்களை ஒவ்வொன்றாக விட்டு அளக்கிற முறை எண்டு விளங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். இயந்திரத்தின் கதை எங்களுக்கு எதற்கு எண்டு கேட்கலாம். 1981க்குப் பிறகு 2012 வரைக்கும் முழுத் தீவுக்குமான குடிசன மதிப்பீடு ஒன்று நடக்க முடியாமல் போன நாட்டில் பிறந்தவர்கள் நாங்கள். எதை எண்ணினது, எதை விட்டது, கோட்டை எங்கே கிழிச்சது எண்ட கேள்விகள் எங்களுக்குப் புதுசில்லை. இந்த இயந்திரங்களுக்குள்ளும் அப்படி ஒரு கோடு இருக்கு. கோட்டுக்கு மேல வாற சைகை எண்ணப்படும். கீழ இருக்கிறது இரைச்சல், தூசி எண்டு கழிக்கப்படும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிச்ச கூட்டாளிகள் அந்தக் கோட்டுக்கு ஒரு நல்ல சொல் தந்தார்கள்: நுழைவாய். கடந்த தொண்ணூறு வருடக் கதையைப் படிக்கப் படிக்க எங்களுக்கு ஒரு விசயம் தெளிவாகிக்கொண்டே போனது. நுழைவாய் கொஞ்சம் கீழே இறங்கின ஒவ்வொரு முறையும், முதல் தூசி எண்டு தள்ளின ஏதோ ஒன்று உயிருள்ளதாக, முக்கியமானதாக எழும்பி வந்திருக்கு.

கண்ணின் களைப்பு

இயந்திரத்துக்கு முந்தின காலத்தில் இரத்தத்தை எண்ணினது மனிசர்தான். கோடுகள் கீறிய ஒரு கண்ணாடித் தட்டு, அதற்கு மேல ஐதாக்கிய இரத்தம், அதற்கு மேல நுணுக்குக்காட்டி. ஒரு ஆள் குனிந்து ஒரு கண்ணால பார்த்து, கட்டத்துக்குள் இருக்கிற குழியங்களைச் சில நூறு வரைக்கும் எண்ணி, மிச்சத்தைப் பெருக்கிச் சொல்லுவார். நூறு பேரின் இரத்தத்தை எண்ணி முடிக்கிறதுக்குள் கண் களைச்சுப் போகும். எண்ணுறவர் மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

1934இல் கனடாவின் மொன்றியல் நகரில் இருந்து அண்ட்ரூ மொல்டவான் என்பவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கலங்களை மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள்ளால் ஓடவிடுவது, குழாயை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைப்பது, பார்க்கிற கண்ணுக்குப் பதிலாக ஒளியை மின்னாக மாற்றும் கருவியைப் பொருத்துவது. ஒரு கலம் கடக்கிற ஒவ்வொரு தரமும் ஒளியில் ஒரு சின்ன மாற்றம் வரும், அதை எண்ணினால் போதும். யோசனை இவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. அதுவரைக்கும் கலங்கள் அசையாமல் கிடந்தன, கண் அலைந்தது. இங்கே கண் அசையாமல் நிற்கிறது, கலங்கள் வரிசையில் வந்து தங்களைக் காட்டிப் போகின்றன.

எங்கட அம்மா அப்பா தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். சோதனைச்சாவடியில் பஸ்ஸால எல்லாரையும் இறக்கி, ஒடுங்கின பாதையால ஒவ்வொருவராக நடக்கவிட்டு, ஒரு ஆள் நிண்டு பார்க்கிற மாதிரித்தான். கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்கிறதை விட்டு ஆளாளாகப் பார்க்கிறது.

மொல்டவான் விவரித்த முறைக்குச் சிக்கல்கள் இருந்தன. குழாய் ஒடுங்கினால் அடைத்துக்கொள்ளும். அகன்றால் இரண்டு மூன்று கலங்கள் பக்கத்துப் பக்கத்தில் போகும், குவியத்தை விட்டு விலகியும் போகும். இந்தச் சிக்கலுக்கு விடை வர இன்னும் இருபது வருடம் எடுத்தது. அதற்கிடையில் உலகப்போர் வந்துவிட்டது.

காரின் முன்விளக்கு

போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்துக்கு ஒரு பயம் இருந்தது. எதிரி காற்றில் நோய்க்கிருமிகளைத் தூவினால் எப்படிக் கண்டுபிடிப்பது? காற்றை வடிக்கிற முகமூடிகள் சரியாக வடிக்கின்றனவா எண்டு எப்படிச் சோதிப்பது? நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலாளர் ஃபிராங்க் கூக்கரும் அவருடைய குழுவும் காற்றில் மிதக்கும் துணிக்கைகளை எண்ணும் கருவி ஒன்றைச் செய்தார்கள். ஒளிமூலமாக ஃபோர்ட் கார் ஒன்றின் முன்விளக்கைப் பாவித்தார்கள். போர் முடிந்த பிறகு, 1947இல்தான் அதன் விவரம் பகிரங்கமாக வெளிவந்தது.

அந்தக் கருவியின் தத்துவம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிடுகுக் கூரையின் ஓட்டையால வெயில் விழுகிற இடத்தில் தூசி மினுங்கிறதைப் பார்த்திருப்பம். வீடு முழுக்க அதே தூசிதான் நிறைஞ்சிருக்கு, ஆனால் இருட்டுப் பின்னணியில் வெளிச்சக் கீற்று விழுகிற இடத்தில் மட்டும்தான் கண்ணுக்குப் படும். கூக்கரின் கருவியிலும் பின்னணி இருட்டு. துணிக்கை ஒளிக்கீற்றைக் கடக்கும்போது ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். மங்கலான ஒளியையும் பல மடங்கு பெருப்பிக்கக்கூடிய ஒளிப்பெருக்கிக் குழாய் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மைக்ரோமீற்றரை விடச் சின்னத் துணிக்கைகளைக்கூட அப்படி எண்ண முடிந்தது. மாதிரிக் காற்று பக்கங்களில் பரவாமல் நடுவால போகவேண்டும் எண்டதற்காக, சுத்தமான காற்றால் அதைச் சுற்றி ஒரு உறை மாதிரி ஓடவிட்டார்கள்.

கிருமியைக் கொண்டு ஆட்களைக் கொல்லக்கூடும் எண்ட பயத்தில் செய்த கருவிதான் பிற்காலத்து உயிரியல் கருவி ஒன்றுக்கு அடித்தளம் போட்டது. இந்த வரலாற்றில் இது ஒரு தரம் மட்டும் நடந்த விசயமில்லை.

சிகரெட் பெட்டியின் உறையும் ஒரு ஊசியும்

வொலஸ் கோல்ட்டர் போர் தொடங்க முன்னம் எக்ஸ்ரே கருவிகளைத் திருத்துற தொழில்நுட்பவியலாளராக ஆசியாவில் வேலை செய்தவர். ஜப்பான் சிங்கப்பூரைத் தாக்கின காலத்தில் அங்கேதான் இருந்தார். அங்கிருந்து தப்பி, இந்தியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா எண்டு சுற்றித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். வைத்தியசாலைகளில் ஆய்வுகூட ஊழியர்கள் மணித்தியாலக் கணக்கில் குனிந்து இரத்தம் எண்ணுவதைப் பார்த்தவர். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு, கதிர்வீச்சுக்கு ஆளான பெருந்தொகை மக்களின் இரத்தத்தை ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது எண்ட கேள்வியும் அவரிடம் இருந்தது.

சிக்காகோவில் ஒரு நிலக்கீழ் அறையில் அவரும் தம்பி ஜோசப்பும் செய்து பார்த்த பரிசோதனை எளிமையானது. சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளில் சூடான ஊசியால் ஒரு சின்னத் துளை. துளையின் இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள்ளால் மின்னோட்டம். இரத்தக் குழியம் ஒன்று துளையைக் கடக்கும் கணத்தில் அவ்வளவு உப்புத் தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் கடக்கவேண்டும். அந்தக் கணத்தில் மின்தடை கூடும், ஒரு துடிப்பு வரும். பெரிய குழியத்துக்குப் பெரிய துடிப்பு, சின்னதற்குச் சின்னத் துடிப்பு. துடிப்புக்களை எண்ணினால் தொகை தெரியும், உயரத்தைப் பார்த்தால் பருமன் தெரியும். காப்புரிமைக்கு 1949இல் விண்ணப்பித்தார், 1953இல் கிடைத்தது.

நுழைவாய் எண்ட கோடு ஒரு திருகியாகவே கருவியின் முகப்புக்கு வந்தது இங்கேதான். இந்த உயரத்துக்கு மேற்பட்ட துடிப்புக்களை மட்டும் எண்ணு எண்டு ஊழியர் அதைத் திருப்பி வைப்பார். செங்குழியம் எண்ணும்போது அது எங்கே நிற்கும்? மின்சுற்றின் இரைச்சலுக்கும் மேல, தூசிக்கும் மேல, குருதிச் சிறுதட்டுக்கும் மேல. ஆம், இண்டைக்கு டெங்கு வாட்டில் எல்லாரும் கேட்கிற அதே பிளேட்லட் முந்தி கோட்டுக்குக் கீழே கிடந்தது. செங்குழியம் எண்ணுற வேலைக்கு அது இடைஞ்சல். கருவி பிழை விடவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னது. கேள்வி மாறவேண்டியிருந்தது. முழு இரத்தத்துக்குள்ளேயே சிறுதட்டையும் சேர்த்து எண்ணுவது பிந்தித்தான் வழமையான வேலையாக மாறியது. இண்டைக்கும் வைத்தியசாலைக் கருவிகள் பலதுக்குள் இருப்பது அந்தக் கண்ணாடித் தாள் துளையின் தத்துவம்தான்.

காப்புரிமை கிடைத்த அதே 1953இல் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பி. ஜே. குறொஸ்லண்ட்-டெய்லர், மொல்டவானின் பழைய சிக்கலைத் தீர்த்தார். அகன்ற குழாய்க்குள் சுத்தமான தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் கலங்கள் உள்ள திரவத்தை மெல்லிய ஊசி வழியாக மெதுவாக விடுவார். இரண்டும் கலக்காது. நடுத்திரவம் நூல் மாதிரி மெலிந்து, கலங்கள் ஒற்றை வரிசையில் போகும். குழாய் அகலமானபடியால் அடைக்காது, நூல் மெல்லியபடியால் கூட்டமாகவும் போகாது. மஞ்செஸ்டரில் ஒஸ்போன் றெய்னோல்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாய நூல் ஓடவிட்டுப் பார்த்த பரிசோதனை எழுபது வருடம் கழித்து இப்படிக் கைகொடுத்தது.

இரண்டு முகடு

அடுத்த இடம் லொஸ் அலமோஸ். அணுக்குண்டு செய்த அதே ஆய்வுகூடம். கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்யுது எண்டு படிக்க அங்கே ஒரு உயிரியல் குழு இருந்தது. கோல்ட்டர் கருவியில் செங்குழியங்களை அளந்தபோது வரைபில் இரண்டு முகடு வந்தது. அப்படியென்றால் மனிச இரத்தத்தில் சின்னது, பெரியது எண்டு இரண்டு வகைச் செங்குழியம் இருக்கா? நோபல் பரிசுக் கனவு காண வைக்கக்கூடிய கேள்வி.

மக் ஃபுல்வைலர் இதைச் சோதிக்க ஒரு வழி யோசித்தார். பெரியது எண்டு கருவி சொல்லுற குழியங்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துத் திரும்ப அளந்தால் என்ன? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் ஸ்வீட் செய்திருந்த மைத்தாரை அச்சுக்கருவியின் நுட்பத்தை எடுத்துக்கொண்டார். தாரையை அதிரவைத்தால் அது ஒரே அளவான துளிகளாக உடையும். வேண்டிய துளிக்கு மின்னேற்றம் கொடுத்தால், மின்புலத்துக்குள்ளால் விழும்போது அது பக்கத்துக்கு வளையும். மையின் இடத்தில் கலங்களை வைத்தார், அவ்வளவுதான். 1965இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த இந்தக் கருவிதான் பிந்தி வந்த கலம் பிரிக்கும் இயந்திரங்களின் மூதாதை.

முடிவு என்ன? பிரித்தெடுத்த பெரிய குழியங்களைத் திரும்ப அளந்தால் அதே இரண்டு முகடு. இரத்தத்தில் இரண்டு வகை இல்லை. குழியம் துளைக்குள்ளால் போகிற விதத்தால் கருவியே உண்டாக்கின தோற்றம் அது.

எங்களுக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிச்சது. இல்லாததை இருக்கிறது எண்டு கருவி சொல்லலாம். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கருவியிடமே திருப்பிக் கேட்கிற ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலாதாரத்தை இன்னொரு ஆதாரத்தோட வைச்சுப் பார் எண்டு எங்களுக்கு வரலாற்று வகுப்பில் சொல்லித்தருவதும் இதைத்தான்.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடிக்குது. நியூயோர்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தில் லூயி கமென்ற்ஸ்கி புற்றுநோய்க் கலங்களைத் தேடினார். ஜேர்மனியின் மியூன்ஸ்டரில் வொல்ஃப்காங் கோடே 1968இல் புளோரொளிர்வை அளக்கும் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் விடுகிற சாயங்களால் கலத்துக்கு அடையாளமிட்டுப் பார்க்கிற முறை அது. ஸ்டான்ஃபோர்டில் லென் ஹேர்சன்பேர்க்கின் குழு 1969இல் புளோரொளிர்வையும் துளி பிரிக்கும் நுட்பத்தையும் சேர்த்தது. 1980களில் எயிட்ஸ் வந்தபோது எந்த வெண்குழிய வகை குறைந்துகொண்டு போகிறது எண்டு எண்ணிக் காட்டினது இந்த வகைக் கருவிகள்தான்.

ஏன் சின்னது இவ்வளவு கஷ்டம்

இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் மைக்ரோமீற்றர் அளவுக் கதை. அதற்குக் கீழே போக வெளிக்கிட்டால் இயற்கையே குறுக்கே நிற்குது. 1871இல் றெய்லி பிரபு வானம் ஏன் நீலம் எண்டதை விளக்கப் போய்க் கண்டுபிடித்த விதி ஒன்று இருக்கு. அதை வைச்சுப் பார்த்தால், ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சின்னத் துணிக்கை சிதறடிக்கிற ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கோட மாறும். சொல்லக் கேட்கச் சின்ன விசயம். கணக்குப் போட்டால்தான் பயங்கரம். விட்டம் பாதியானால் ஒளி பாதியாகக் குறையாது, 64இல் ஒரு பங்காகக் குறையும். 100 நனோமீற்றரில் இருந்து 50க்குப் போனால் ஒரு தரம் 64 மடங்கு, 50இல் இருந்து 25க்குப் போனால் அதிலும் 64 மடங்கு. மொத்தம் 4096.

மறுபக்கத்தில் இரைச்சல் குறையாது. தண்ணீரே கொஞ்ச ஒளியைச் சிதறடிக்கும். தண்ணீருக்குள் தூசி இருக்கும். இலத்திரனியல் சுற்றுக்கும் தனக்கென்று ஒரு முணுமுணுப்பு இருக்கும். கோயில் திருவிழாவில் நிண்டு பக்கத்தில் ஒராள் குசுகுசுக்கிறதைக் கேட்கிற மாதிரி. நுழைவாயைக் கீழே இறக்கினால் இரைச்சலும் சேர்ந்து எண்ணுப்படும். மேலே ஏத்தினால் தேடுற பொருளும் சேர்ந்து போயிடும்.

இரைச்சலுக்குள் ஒரு கடல்

இந்தச் சங்கடத்தின் மிக அழகான கதை கடலில் நடந்தது. 1980களில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ரொபேர்ட் ஒல்சனும், எம்.ஐ.ரி.யைச் சேர்ந்த சலி சிசோமும் வைத்திய ஆய்வுகூடத்துக்கென்று செய்த ஃப்ளோ சைற்றோமீற்றரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பச்சையம் உள்ள எந்தக் கலமும் நீல ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். சாயம் போடத் தேவையில்லை. சினெக்கொகொக்கஸ் எனும் சின்னப் பற்றீரியாவைத்தான் அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வரைபின் அடி மூலையில், இரைச்சல் கிடக்கிற இடத்தில், மங்கலான சிவப்புப் புள்ளிகள் சில தெரிந்தன. முதலில் அதை இலத்திரனியல் இரைச்சல் எண்டுதான் நினைத்தார்கள். ஆனால் ஒரு விசயம் இடித்தது. ஆழத்தில் இருந்து எடுத்த தண்ணீரில் அந்தப் புள்ளிகள் இன்னும் பிரகாசமாக இருந்தன. கம்பிச் சுற்றின் இரைச்சலுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வாழும் கலம்தான் கூடுதலாகப் பச்சையம் வைத்திருக்கும். இரைச்சலுக்குள் கிடந்தது உயிர்.

1988இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அதை அறிவித்தார்கள். பிறகு புறோகுளோறொகொக்கஸ் எண்டு பெயர் வந்தது. குறுக்களவு ஏறக்குறைய 0.6 மைக்ரோமீற்றர். தெரிந்த ஒளித்தொகுப்பு உயிரிகளில் மிகச் சின்னது இதுதான். மிக ஏராளமாக இருப்பதும் இதுதான். ஒரு மில்லிலீற்றர் கடல் தண்ணீரில் ஒரு இலட்சம் வரை இருக்கும். உலகக் கடல் முழுக்க எண்டால் ஒன்றுக்குப் பின்னால் 27 சைபர் போடவேண்டும். ஏறக்குறைய 40 பாகை வடக்கில் இருந்து 40 பாகை தெற்கு வரையான சூடான கடலெல்லாம் அதன் வீடு. எங்கட தீவைச் சுற்றியிருக்கிற இந்து சமுத்திரமும் அதற்குள்தான் வருது. கடலில் நடக்கிற ஒளித்தொகுப்பில் பெரியதொரு பங்கைச் செய்துகொண்டு, பேரில்லாமல், எண்ணிக்கையில்லாமல் இருந்திருக்கு. அது ஒளிஞ்சிருக்கேல்லை. கோடுதான் அதற்கு மேல நிண்டது.

வைரசுகளின் கதையும் பக்கத்தில் வருது. 1979இலேயே ஹேர்ச்சர், மியூலர், ஷப்பீரோ ஆகியோர் பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளைத் தனித்தனியாக ஒளிச்சிதறலால் கண்டுகாட்டினார்கள். 1989இல் நோர்வே ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்துவிட்டு, ஒரு மில்லிலீற்றர் நீரில் கோடிக்கணக்கில் வைரசு இருக்கலாம் எண்டு எழுதினபோது பலர் அதிர்ந்துபோனார்கள். 1999இல் பிரான்சில் டொமினிக் மரியின் குழு, டி.என்.ஏ.யோடு ஒட்டினால் பச்சையாக ஒளிரும் சாயத்தைப் பாவித்துச் சாதாரண ஃப்ளோ சைற்றோமீற்றரிலேயே கடல் வைரசுகளை எண்ணிக் காட்டியது. சிதறல் போதாத இடத்தில் சாயம் கைகொடுத்தது.

சிறுதட்டின் தூசி

கடைசியாகத் திரும்பவும் இரத்தத்துக்கு வருவம். 1967இல் பீற்றர் வுல்ஃப் எனும் ஆய்வாளர், சிறுதட்டுக்களை நீக்கின பிறகும் இரத்தத் திரவத்தில் ஏதோ நுண்ணிய பொருள் மிஞ்சுது, அது குருதி உறைவதற்கு உதவுது எண்டு கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் சிறுதட்டின் தூசி. அந்தச் சொல்லைக் கவனியுங்கோ. கோட்டுக்குக் கீழே கிடந்த சிறுதட்டே அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே அதன் தூசி.

இண்டைக்கு அந்தத் தூசிக்கு மரியாதையான பெயர் கிடைச்சிருக்கு. கலங்கள் தங்களைச் சுற்றி வெளியே விடுகிற சவ்வுச் சிறுபைகள் அவை. சில பத்து நனோமீற்றரில் இருந்து ஒரு மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல வரை இருக்கும். எக்சோசோம் எண்டு அழைக்கப்படுவது இவற்றில் ஒரு சின்ன வகை. புரதமும் ஆர்.என்.ஏ.யும் காவிக்கொண்டு ஒரு கலத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. ஒரு துளி இரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைக் கண்டுபிடிக்கலாம் எண்ட நம்பிக்கை இவற்றில் தொங்குது. ஆகவே இந்த எண்ணிக்கை சரியா பிழையா எண்டது ஆய்வுகூடத்தோட முடியிற விசயமில்லை. ஒரு நோயாளியின் வீட்டு வாசல் வரைக்கும் வாற விசயம்.

ஆனால் இந்தத் துறையின் அளவுகோலே கொஞ்சம் ஏமாற்றினது. கருவியைச் சரிபார்க்க பொலிஸ்ரைரீன் எனும் பிளாஸ்ரிக்கால் செய்த, அளவு தெரிந்த மணிகளைப் பாவிப்பது வழமை. ஒளி எவ்வளவு சிதறும் எண்டது பருமனில் மட்டும் தங்கியில்லை, முறிவுச்சுட்டியிலும் தங்கியிருக்கு. தண்ணீருக்கு 1.33, பிளாஸ்ரிக்குக்கு ஏறக்குறைய 1.59. சிறுபைக்கு 1.40 அளவில். அதனால் ஒரே பருமனான மணி, சிறுபையை விடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். 500 நனோமீற்றர் மணியை வைச்சுக் கோடு கிழிச்சுவிட்டு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் 500ஐ விடச் சின்னது எண்டு சொன்னால், உண்மையில் அதை விட நல்லாப் பெரியதுகளும் அதற்குள் வந்திருக்கும்.

2012இல் நெதர்லாந்தின் எட்வின் வான் டெர் பொல்லும் கூட்டாளிகளும் இன்னொரு குண்டைப் போட்டார்கள். பல கருவிகள் ஒரு சிறுபை எண்டு எண்ணினது உண்மையில் ஒளிக்கீற்றுக்குள் ஒரே நேரத்தில் நிண்ட பெரிய ஒரு கூட்டம். தனியாக ஒன்றும் நுழைவாயைத் தாண்டாது. கூட்டமாகச் சேர்ந்தால் தாண்டும். தாண்டினால் கருவி ஒன்று எண்டு எழுதும். அவர்கள் சொன்ன சோதனையும் எளிமையானது. மாதிரியை ஐதாக்கு. எண்ணிக்கை மட்டும் குறைந்து ஒவ்வொரு சைகையின் பிரகாசமும் அப்படியே இருந்தால் தனித்தனியாக எண்ணுறாய். பிரகாசமும் சேர்ந்து குறைந்தால் கூட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

கருவிகளும் சும்மா இருக்கவில்லை. சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் யான் ஷியாவ்மெய்யின் குழு, ஒளி படும் இடத்தை மிகச் சின்னதாக்கி, ஓட்டத்தை மெதுவாக்கி, ஒவ்வொரு துணிக்கையும் ஒளிக்குள் நிற்கும் நேரத்தைக் கூட்டியது. 2014இல் 24 நனோமீற்றர் சிலிக்கா மணிகளையும் 7 நனோமீற்றர் தங்கத் துணிக்கைகளையும் சிதறல் ஒளியாலேயே தனித்தனியாகக் கண்டதாக அறிவித்தது. ஃபோர்ட் காரின் முன்விளக்கில் இருந்து அங்கே வரைக்கும் ஏறக்குறைய எழுபது வருடம்.

2020இல் வெளிவந்த இன்னொன்று எங்களுக்கு அதைவிடப் பெரிசாகப் படுது. அது கருவியில்லை, ஒரு வழிகாட்டல். சிறுபைகளை ஃப்ளோ சைற்றோமெற்றியால் எண்ணி எழுதுற ஆய்வாளர்கள், எண்ணிக்கையோடு சேர்த்துத் தங்கட கருவியின் நுழைவாய் எங்கே நிண்டது, அதன் உணர்திறனின் எல்லை என்ன, வெறும் தண்ணீரை ஓடவிட்டால் எத்தனை வந்தது, ஐதாக்கினால் என்ன நடந்தது எண்டதையும் எழுதவேண்டும் எண்டு மூன்று சர்வதேசச் சங்கங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு கண்டோம் எண்டதோட, எதைக் காண எங்களால ஏலாது எண்டதையும் சொல்லு எண்டதுதான் அதன் சாரம்.

இந்தப் பழக்கம் ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறோம். அரச திணைக்களம் ஒன்றின் அறிக்கை, தொண்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பு, எங்கட வகுப்பில் நாங்களே செய்யுற வினாக்கொத்து ஆய்வு, எதிலயும் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பொய்யெண்டு தள்ளத் தேவையில்லை. டெங்கு வாட்டில் அந்த எண்தான் உயிரைக் காப்பாத்துது. ஆனால் கோடு எங்கே நிண்டது, ஆர் வைச்சது, எந்தத் தேவைக்கு வைச்சது எண்டு கேட்கலாம். வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தீங்களா எண்டும் கேட்கலாம். கேட்டால் கோபிக்கிறவை இருப்பினம். பதில் வைச்சிருக்கிறவை கோபிக்க மாட்டினம்.